கங்கா ராம் எஞ்சினீயர்

"கங்கா ராம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தில்லியில் எந்த ஆட்டோக்காரரும் எங்கே என்று மறுகேள்வி கேட்கமாட்டார். (எவ்வளவு கேட்பார் என்பது வேறு விஷயம்.) நான் 1999இல் வேலை கிடைத்து தில்லிக்கு வந்து, பழைய ராஜேந்தர் நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியேறியபோது எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்த முதல் அடையாளம் அதுதான். சங்கர் ரோடு, கங்கா ராம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து இடது கைப் பக்கம். மொட்டைமாடி அறைக்கு இங்கே பர்சாத்தி என்று பெயர். மழைக்கால அறை என்று பொருள். மே மாதத்தில் அதில் குடியிருந்தவனுக்குத்தான் அந்தப் பெயரின் குசும்பு புரியும்.

ஒன்பது வருடம் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித் தாண்டி ஆபீசுக்கு ஆணி பிடுங்கப் போய் வந்திருக்கிறேன். கங்கா ராம் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரோ டாக்டராக இருக்கும், இல்லாவிட்டால் ஊருக்கு நல்லது செய்த சேட்டாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. நம்மூரில் ராயப்பேட்டை எந்த ராயர் பேரில் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம், அது மாதிரி.

கேட்டது அப்பா. 2008 குளிரில் எங்களோடு தங்க வந்தவருக்கு நெஞ்சுவலி வந்து, நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த கங்கா ராமில்தான் சேர்த்தோம். ஆபத்தெல்லாம் தாண்டி வார்டுக்கு மாற்றிய அன்று, போர்வையில் அச்சடித்திருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"யாருடா இந்த கங்கா ராம்? டாக்டரா?"

தெரியலையேப்பா என்றேன். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது பஞ்சாபி. பிளாஸ்கில் டீயோடு பார்க்க வந்தவர். நாங்கள் பேசியதில் அந்தப் பெயர் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. "எஞ்சினீயர்!" என்றார். "தண்ணீர் எஞ்சினீயர். எங்க ஊர்க்காரர்."

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவு ஓவர்சீயராக முப்பத்துமூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காவிரி வாய்க்கால், மதகு, கலிங்கு, கரை உடைப்பு, இதைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரிக்கு எஞ்சினீயர் பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் தண்ணீர் எஞ்சினீயர் என்றதும், மாத்திரை செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அடுத்த நான்கு நாளும் தமிழ் தெரியாத வீட்டுக்காரரும் ஹிந்தி தெரியாத அப்பாவும் என்னை நடுவில் போட்டு மொழிபெயர்க்க வைத்துப் பேசிய பேச்சில்தான் எனக்கு கங்கா ராம் அறிமுகம். பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். பி.பி.எல். பேடி (நடிகர் கபீர் பேடியின் அப்பா) 1940இல் அவரைப் பற்றி எழுதிய 'ஹார்வெஸ்ட் ஃப்ரம் தி டெசர்ட்' என்ற வாழ்க்கை வரலாறுகூட இருக்கிறது.

*

கங்கா ராம் 1851 ஏப்ரல் 13 அன்று மாங்டன்வாலா என்ற கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அது பாகிஸ்தான் பஞ்சாபில், நன்கானா சாகிப் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா தௌலத் ராம் சின்ன போலீஸ் உத்தியோகம், பிறகு அமிர்தசரஸ் கோர்ட்டில் பிரதி எழுதும் வேலை. பையன் அமிர்தசரஸில் பள்ளி முடித்து, லாகூர் அரசுக் கல்லூரிக்குப் போய், உதவித்தொகையில் 1871இல் ரூர்க்கி தாம்சன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1873இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

ரூர்க்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரி அங்கே 1847இல் வந்ததற்குக் காரணமே கங்கைக் கால்வாய்தான். காட்லி வெட்டிய அந்தக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. சோலானி ஆறு குறுக்கே வர, ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டி அதில் கால்வாயை ஓட்டினார்கள். கீழே ஆறு, மேலே கால்வாய். ரூர்க்கி மாணவனுக்கு நீரியல் பாடம் கரும்பலகையில் இல்லை, கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை அது போகிற இடத்துக்குத்தான் விட வேண்டும் என்பதில்லை, நாம் நினைக்கிற இடத்துக்கும் கொண்டுபோகலாம் என்பதை இருபது வயதில் தினமும் கண்ணால் பார்க்கிறவன் மனதில் அது எப்படித் தங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் என்ஜினீயர் ஆனதற்கு ஒரு கதை சொல்வார்கள். மாணவனாக இருந்தபோது லாகூர் பொதுப்பணித்துறை ஆபீசுக்கு உறவினர் ஒருவரைப் பார்க்கப் போய், தெரியாமல் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். பியூன் வந்து எழுப்பி விரட்ட, ஒருநாள் இதே நாற்காலியில் உட்காருகிறேன் பார் என்றாராம். இப்படிப்பட்ட கதைகளை நான் பாதிதான் நம்புவேன். ஆனால் அவர் லாகூரின் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயராகப் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது கதையில்லை.

அந்த வருடங்களில் லாகூரில் எழுந்த பெரிய கட்டடங்களில் அவர் கை படாதது குறைவு. தலைமைத் தபால் நிலையம், அருங்காட்சியகம், ஏட்சிசன் கல்லூரி, மேயோ ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றுக்கு வடிவம் கொடுத்தது பாய் ராம் சிங் என்ற அருமையான கலைஞர், கட்டி எழுப்பியது கங்கா ராம். இரண்டு பேருக்கும் பங்கைச் சரியாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிடுவது நம் வழக்கம். லாகூரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

எனக்கு அந்தக் கட்டடங்களைவிட முக்கியமாகப் படுவது வேறு. 1880களில் அரசாங்கம் அவரை இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டுக்கு அனுப்பி, குடிநீர் வழங்கல், சாக்கடை அமைப்பு இரண்டிலும் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்து பெஷாவர் முதலான ஊர்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் வேலை செய்தார். அருங்காட்சியகத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் மண்ணுக்கடியில் ஓடும் குழாயைப் பார்ப்பதில்லை. "குழாய் போட்டவன் பேர் எந்த ஊர்லடா கல்வெட்டுல இருக்கு?" என்றார் அப்பா. அவருக்கு அது சொந்த வருத்தமும்கூட.

1903இல் தில்லி தர்பார் வேலைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்து, சி.ஐ.இ. பட்டம் வாங்கி, அதே வருடம் ஓய்வு பெற்றார். பிறகு கொஞ்ச காலம் பாட்டியாலா சமஸ்தானத்தில் வேலை. சர் பட்டம் 1922இல் வந்தது. வெள்ளைக்காரன் கொடுத்ததையெல்லாம் தலைவணங்கி வாங்கிக்கொண்டவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. லாகூரிலேயே அந்தக் காலத்தில் லாலா லஜபத் ராய் இருந்தார். அது வேறு வழி. இவர் போனது இந்த வழி.

*

இனி அப்பாவும் வீட்டுக்காரரும் நாலு நாள் பேசிய விஷயத்துக்கு வருகிறேன்.

பஞ்சாபில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலத்துக்கு தோஆப் என்று பெயர். ஆற்றங்கரைகள் பள்ளம், நடு முதுகு மேடு. அந்த மேட்டு நிலத்தை 'பார்' என்பார்கள். ராவிக்கும் செனாபுக்கும் நடுவே சாந்தல் பார். ராவிக்குத் தெற்கே மாண்ட்கோமரி மாவட்டத்தில் கஞ்சி பார். (நம்ம கஞ்சி இல்லை. பஞ்சாபியில் மொட்டை, வழுக்கை என்று பொருள். அவ்வளவு வறண்ட மேடு.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் இந்தப் பார்களில் பெரிய கால்வாய்களை வெட்டி, கிழக்குப் பஞ்சாபிலிருந்து குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1892இல் திறந்த கீழ்ச் செனாப் கால்வாயால் உருவானதுதான் லயால்பூர், இன்றைய பைசலாபாத்.

எங்கள் வீட்டுக்காரர் லயால்பூர் மாவட்டத்தில் ஜரான்வாலா பக்கம் பிறந்தவர். அங்கே கிராமங்களுக்குப் பெயரைவிட நம்பர்தான் முக்கியம் என்றார். சக் இத்தனை, ஜி.பி. என்று வரும். ஜி.பி. என்றால் குகேரா பிராஞ்ச், அதாவது குகேரா கிளைக் கால்வாய். கால்வாய்தான் அங்கே விலாசம்! இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தார்.

சக் 591 ஜி.பி. என்ற ஊருக்கு மட்டும் பெயரும் உண்டு. கங்காபூர். ஓய்வுபெற்ற கங்கா ராம் நிலம் எடுத்துப் பயிர் செய்த ஊர். அங்கே நிலம் இருந்தது, பக்கத்திலேயே கால்வாயும் ஓடியது, ஆனால் நிலம் கால்வாயைவிட உயரம். இந்த வேதனை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. முசிறி பக்கம் தாத்தாவுக்கு இருந்த முக்கால் காணி வாய்க்காலைவிட இரண்டடி உயரம். கண்ணெதிரே தண்ணீர் ஓடும், ஆனால் ஏறாது. ஏற்றம் இறைத்தேதான் அவர் காலம் போனது. "ரெண்டு அடிடா, வெறும் ரெண்டு அடி" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல இருக்கும்.

கங்கா ராம் ஏற்றத்துக்குப் பதில் எந்திரத்தை வைத்தார். குகேரா கிளையிலிருந்து தண்ணீரை மேலே தூக்கி விடப் பெரிய மோட்டார் வேண்டியிருந்தது. லாகூரிலிருந்து புச்சியானா ஸ்டேஷன் வரை ரயிலில் வந்துவிடும். அங்கிருந்து கங்காபூருக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் மண்பாதை. அவ்வளவு கனத்தை மாட்டுவண்டி தாங்காது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டேஷனிலிருந்து ஊர் வரை சின்னத் தண்டவாளம் போட்டு, வண்டியில் மோட்டாரை ஏற்றி, குதிரையைப் பூட்டி இழுத்து வந்துவிட்டார். மோட்டார் வந்து சேர்ந்த பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. ஊர்ஜனம் ரயிலுக்குப் போகவர அதுவே வண்டியானது. ஒரே ஒரு குதிரை, தண்டவாளத்தில் உருளும் தட்டுவண்டி, முதுகோடு முதுகாகச் சாய்ந்து உட்கார்ந்த பத்துப்பன்னிரண்டு பேர். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் பயணிகள் வண்டி மாறிக்கொள்வார்கள், குதிரைகள் திரும்பிக்கொள்ளும். வீட்டுக்காரர் அதில் ஏறியிருக்கிறார். எட்டு வயதில், மாமா கல்யாணத்துக்குப் போனபோது.

கங்காபூர் ஒத்திகை மாதிரி. பெரிய நாடகம் மாண்ட்கோமரியில் நடந்தது. அங்கே கீழ் பாரி தோஆப் கால்வாய் 1913இல் ஓடத் தொடங்கியிருந்தது. அதன் தண்ணீர் ஏறாத மேடுகளை யாரும் சீந்தவில்லை. கங்கா ராம் அப்படிப்பட்ட நிலத்தைத் தேடித்தேடி அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 50,000 ஏக்கர். அறுபத்தைந்து வயதுக்கு மேல்.

இதில் அவர் செய்த யோசனையைக் கேட்டு அப்பா கைதட்டினார். (டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையால்!) சமவெளியில் வெட்டும் கால்வாய்க்கு ஒரு தொல்லை உண்டு. நிலத்தின் சரிவு கால்வாய்க்கு வேண்டிய சரிவைவிடக் கூடுதலாக இருந்தால் தண்ணீர் வேகமெடுத்துத் தரையையும் கரையையும் அரித்துவிடும். அதனால் நடுநடுவே படி கட்டித் தண்ணீரைச் சில அடி கீழே விழவைப்பார்கள். டிராப் என்போம். எல்லாக் கால்வாயிலும் உண்டு. விழுகிற தண்ணீரின் சக்தி நுரையாய் வீணாகும், அவ்வளவுதான். ரேனாலா குர்த் என்ற இடத்தில் கீழ் பாரி தோஆப் கால்வாயில் இருந்த அப்படிப்பட்ட ஒரு டிராப்பில் கங்கா ராம் ஐந்து டர்பைன்களை வைத்தார். உயரம் குறைவு, ஆனால் தண்ணீர் ஏராளம். 1.1 மெகாவாட் மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோய்ப் பம்புகளை ஓட்டி, அதே கால்வாயின் தண்ணீரை மேட்டு வாய்க்காலுக்குத் தூக்கினார். மேலே ஏறிய பிறகு அது தானே ஓடிப் பரவும். கால்வாய் தன்னைத்தானே தூக்கிக்கொண்டது என்று வையுங்களேன். விழுந்த தண்ணீர் கூலி, ஏறிய தண்ணீர் லாபம்.

ரேனாலா மின்நிலையத்தை 1925இல் பஞ்சாப் கவர்னர் மால்கம் ஹெய்லி திறந்துவைத்தார். நம்மூரில் பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூர்க் கிணறுகளில் பம்புசெட் ஓடத் தொடங்கியதே 1930களில்தான். இது தனி ஒருவர் தன் பணத்தில் செய்தது. அவர் வெட்டிய வாய்க்கால்களின் மொத்த நீளம் ஆயிரம் மைல் என்று கணக்குச் சொல்வார்கள். அந்த டர்பைன்கள் 2010களிலும் சுற்றிக்கொண்டிருந்தன.

எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் பார் நிலம் 'தரிசு' என்பது சர்க்கார் கணக்கு. அங்கே காலங்காலமாக ஆடுமாடு, ஒட்டகம் மேய்த்துத் திரிந்த மக்கள் இருந்தார்கள். கால்வாய் வந்ததும் மேய்ச்சல் நிலம் போனது. ஜாங்லி, காட்டான் என்று பெயர் கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள். குடியேறியவர்களையும் அரசு நிம்மதியாக விடவில்லை. 1907இல் லயால்பூரில் விவசாயிகள் திரண்டெழுந்த போராட்டம் கால்வாய்க் குடியேற்றச் சட்டத்தை எதிர்த்துத்தான். பின்னாளில் கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர் மேலேறி, உவர் பூத்துப் பல லட்சம் ஏக்கர் கெட்டது. இது கங்கா ராம் ஒருவர் செய்ததல்ல. ஆனால் அந்த அமைப்புக்குள் நின்று, அதில் சம்பாதித்தவர்தான் அவரும். இதை அப்பாவிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி கொண்டுவந்தவனைக் குத்தம் சொல்லாதே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

*

சம்பாதித்ததை என்ன செய்தார் என்பதுதான் அந்த ஆஸ்பத்திரியின் கதை.

லாகூரில் குயீன்ஸ் ரோடும் லாரன்ஸ் ரோடும் சேருமிடத்தில் இடம் வாங்கி 1921இல் இலவச மருந்தகம் திறந்தார். அதுதான் வளர்ந்து சர் கங்கா ராம் ஆஸ்பத்திரி ஆனது. எந்த மதம், எந்த ஜாதி என்று கேட்காமல் வைத்தியம். பெண்கள் பள்ளி, வணிகக் கல்லூரி, நூலகம், இயலாதவர்களுக்கான விடுதி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் திறந்திருந்தாலும் மற்ற அறப்பணிகளில் பல இந்துக்களுக்கு என்றே அமைந்தவை. அன்றைய லாகூரில் முஸ்லிம், சீக்கியர், இந்து என்று ஒவ்வொரு சமூகமும் தனக்குத்தானே பள்ளி, கல்லூரி, சங்கம் கட்டிக்கொண்டிருந்தது. அவரும் அந்தக் காலத்து மனிதர்.

அவர் மனம் அதிகம் தங்கியது விதவைகளிடத்தில். விதவை மறுமணம் 1856லேயே சட்டமாகிவிட்டது. சட்டம் ஆனது, கல்யாணம் ஆகவில்லை. 1914இல் விதவா விவாக சகாயக் சபை என்று தொடங்கி, மறுமணம் செய்துகொள்ள முன்வருகிற இருபக்கத்தாரையும் சேர்த்து வைக்கும் வேலையைப் பஞ்சாபுக்கு வெளியிலும் கொண்டுபோனார். 1921இல் விதவைகளுக்கு விடுதி. அங்கே தொழிலும் ஆசிரியப் பயிற்சியும். மக்கள்தொகைக் கணக்கைப் பிரித்து, எத்தனை வயதில் எத்தனை விதவைகள் என்று எஞ்சினீயர் புத்தியோடு அட்டவணை போட்டு அச்சிட்டுப் பரப்பினார். 1926இல் காந்தி 'யங் இந்தியா'வில் கட்டாய விதவைக்கோலத்தைக் கண்டித்து எழுதியபோது எடுத்துக் காட்டியது கங்கா ராமின் கணக்கைத்தான். பத்து வயதுக்கும் கீழே விதவைகள் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில்.

இதை மொழிபெயர்த்தபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அத்தைப்பாட்டி ஒருவர் இருந்தார். அப்பாவின் அத்தை. பன்னிரண்டு வயதில் தாலி அறுந்தவர். எழுபத்தெட்டு வயது வரை சமையற்கட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவிலேயே வாழ்ந்து முடித்தார். அதே காலத்தில் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்து ஐஸ் ஹவுஸில் விடுதி வைத்துப் படிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தார். ரயிலேறினால் ஒரு ராத்திரிப் பயணம். யாரும் ஏற்றிவிடவில்லை. கண்ணெதிரே தண்ணீர் ஓடியது, எங்கள் அத்தைப்பாட்டி இரண்டடி மேட்டில் இருந்தார்.

கங்கா ராமின் தர்மத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைத்துவிட்டு அவர் போகவில்லை. 1923இல் அறக்கட்டளை பதிவுசெய்து, வாடகை வரும் சொத்துகளையும் சேர்த்து எழுதிவைத்தார். மால் ரோட்டில் அவர் அறக்கட்டளைக் கட்டடம் அப்படித்தான். கால்வாய் வெட்டுகிறவனுக்கு வெட்டும் செலவைவிடத் தூர்வாரும் செலவுதான் கண்ணில் நிற்கும். அப்பா சொல்வார், மதகு திறப்புவிழாவுக்கு மந்திரி வருவார், ஷட்டருக்குக் கிரீஸ் போட அடுத்த பத்து வருஷத்துக்கு ஒருவனும் வரமாட்டான் என்று. கங்கா ராம் கிரீஸுக்கும் சேர்த்துப் பணம் வைத்துவிட்டுப் போனவர்.

1926இல் அமைத்த அரச விவசாயக் கமிஷனில் அவரும் உறுப்பினர். அந்த வேலையாக லண்டன் போன இடத்தில் 1927 ஜூலை 10 அன்று இறந்தார். அங்கேயே தகனம். அஸ்தியில் ஒரு பகுதி கங்கையில் கரைக்கப்பட்டது, மீதியை லாகூரில் ராவி பக்கம் வைத்துச் சமாதி கட்டினார்கள்.

*

இருபது வருடத்தில் அந்த லாகூரே இல்லாமல் போனது. 1947இல் அவர் யாருக்காகச் சபைகள் வைத்தாரோ அந்த ஜனம் முழுவதும் ஊரைவிட்டு வெளியேறியது. அவர் குடும்பமும்தான்.

உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ 1948இல் வெளியிட்ட 'சியா ஹாஷியே' தொகுப்பில் ஒரு குட்டிக் கதை உண்டு. கலவரக் கும்பல் ஒன்று லாகூரில் கங்கா ராம் சிலையைத் தாக்குகிறது. கல்லெறிகிறார்கள், தார் பூசுகிறார்கள். ஒருவன் செருப்பு மாலையோடு சிலைமேல் ஏறும்போது போலீஸ் வந்து சுடுகிறது. அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு கங்கா ராம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. நடந்ததா, கற்பனையா என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் அடிபட்டால் அங்கேதான் போக வேண்டியிருந்தது என்பது நிஜம்.

லாகூர் ஆஸ்பத்திரி அதே பெயரோடு நின்றது. கங்கா ராம் குடும்பத்தார் 1940களில் அதனோடு நடத்திய பாலக் ராம் மருத்துவக் கல்லூரி பிரிவினையில் மூடப்பட, அந்த இடத்தில் 1948இல் பெண்களுக்கென்று ஃபாத்திமா ஜின்னா மருத்துவக் கல்லூரி வந்தது. இந்தப் பக்கம் அகதிகளாய் வந்து நிரம்பிய தில்லியில், அகதிகளுக்காகவே எழுந்த ராஜேந்தர் நகருக்குப் பக்கத்தில் 1951 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஏப்ரல் 13, கங்கா ராம் பிறந்தநாளன்று அவரே திறந்துவைத்தார். அப்பா படுத்திருந்தது அங்கே.

வீட்டுக்காரர் ஒன்பது வயதில் ஜரான்வாலாவிலிருந்து கிளம்பிய கதையைச் சொல்லும்போது பெரிதாக எதுவும் சொல்லமாட்டார். நடந்தோம், பிறகு லாரி, பிறகு கூடாரம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். ஊரைவிட்டு ஊர் வந்தவன் என்று நானும் அவ்வப்போது புலம்புவதுண்டு, கொசுவர்த்தி சுற்றுவதுண்டு. ஆனால் நான் ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து வந்தவன், நினைத்தால் டிக்கெட் எடுத்துத் திரும்பிப் போகக்கூடியவன். அவரிடம் இந்தப் புலம்பலை நிறுத்திக்கொண்டேன்.

2004இல் இந்திய கிரிக்கெட் அணி பாகிஸ்தான் போனபோது ரசிகர்களுக்குத் தாராளமாக விசா கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் இவருக்கு எல்பிடபிள்யூ என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. ஆனாலும் டிக்கெட் வாங்கி லாகூர் போய்விட்டார். விசா லாகூருக்கு மட்டும். ஜரான்வாலா நூறு கிலோமீட்டர் சொச்சம், போக முடியவில்லை. மேட்ச் நடந்த அன்று ஆட்டோ பிடித்து, வேறு எங்கே போவதென்று தெரியாமல், "கங்கா ராம்" என்றாராம். டிரைவர் மறுகேள்வி கேட்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம். "ரெண்டு ஊர்லயும் இந்த ஒரு வார்த்தைக்கு ஆட்டோ கிளம்புது" என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கங்காபூர்க் குதிரை ரயில் சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுபோயிருந்தது. 2010இல் பைசலாபாத் மாவட்ட நிர்வாகம் அதை மறுபடி ஓட்டியது. யூடியூபில் ஒரு துண்டுப் படம் கிடைத்தது. கீழே போய் அவரைக் கூட்டிவந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். தண்டவாளம், வண்டி, சிரிக்கிற ஜனம், இரண்டு பக்கமும் பச்சை வயல். குதிரை தண்டவாளத்துக்கு நடுவில் டக்டக்கென்று ஓடுகிறது. மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் பார்த்தார்.

"குதிரை இளைச்சிருக்கு" என்றார். பிறகு, "தீனிச் செலவு யாருது? ஊரா, சர்க்காரா?"

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து படத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் அதையேதான் கேட்டார்.